ஓய்வுக்குப் பிறகு கேமராவில் சம்பாதிக்கலாமா? சம்பாதிக்கலாம், ஸ்டுடியோ மட்டும் வேண்டாம்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அஞ்சல் துறையில் வேலை, வயது 57, ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம். இருபது வருடமாகப் படம் எடுக்கிறீர்கள். வேடந்தாங்கல், கோடியக்கரை என்று பறவைகளும் ஊர்த் திருவிழாக்களும் ஹார்டு டிஸ்க் நிறைய இருக்கின்றன. வீட்டில் 82 வயது அம்மா. ஓய்வு பெறும்போது கைக்கு வரும் பணத்தில் எட்டு லட்சம் போட்டு மெயின் ரோட்டில் ஸ்டுடியோ வைத்துக் கல்யாண ஆர்டர் பிடிக்கலாமா என்று கேட்கிறீர்கள். மைத்துனர் "கல்யாணத்துலதான் காசு" என்கிறார், மனைவி வேண்டாம் என்கிறார்.

நான் ஒரு வங்கியில் 34 வருடம் வேலை பார்த்து 2016-ல் ஓய்வு பெற்றவன். மயிலாடுதுறைப் பக்கம். அன்றிலிருந்து கேமராதான் என் இரண்டாவது வேலை, அதனால் நேரடியாகவே சொல்கிறேன். தொழில் தாராளமாகச் செய்யுங்கள். ஸ்டுடியோ வைக்காதீர்கள். கல்யாணத்தை நம்பி இறங்காதீர்கள். ஓய்வுப் பணத்தில் ஒரு ரூபாய்கூட இதில் போடாதீர்கள், அது வீட்டுக்கு உரிய பணம். 60 முடிந்தவர்களுக்கான சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டம் உங்கள் ஆபீஸ் கவுண்டரிலேயே இருக்கிறது. 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை உங்களுக்கு. அந்த எட்டு லட்சத்தையும் அங்கேதான் போட வேண்டும். கேமரா தன் சாப்பாட்டைத் தானே சம்பாதித்துக்கொள்ளட்டும்.

கல்யாணம் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். ரிசப்ஷன் முடிந்து மேடையில் கடைசிக் குடும்பப் படம் எடுக்கும்போது பதினொன்று ஆகிவிடும். மறுநாள் முகூர்த்தம் நாலரை டு ஆறு என்றால், பெண் அலங்காரம் எடுக்க மூன்று மணிக்கே எழுந்தாக வேண்டும். பிறகு மதியப் பந்தி வரை நின்றுகொண்டே வேலை. கையில் 70-200 லென்ஸ் இருந்தால் அது மட்டுமே ஒன்றரை கிலோ. கெட்டிமேளம் கொட்டும் அந்த அரை நிமிடத்தில் உங்களுக்கும் தாலிக்கும் நடுவே பத்து செல்போன் வந்து நிற்கும், அதைத் தள்ளிக்கொண்டு போகிற உடம்பும் வேகமும் இருபத்தைந்து வயதுப் பையன்களுக்கு இருக்கிறது. நான் முதல் வருடம் ஏழு கல்யாணம் எடுத்தேன். ஏழாவது முடிந்தபோது நான்கு நாள் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை.

உடம்பை விடுங்கள், கணக்கும் ஒத்துவராது. இன்றைக்குக் கல்யாணம் ஒரு குழுவின் வேலை. கேண்டிட், அதாவது நிற்கவைக்காமல் இயல்பாக எடுக்கிறவர் ஒருவர், நிற்கவைத்து எடுக்கும் ட்ரெடிஷனல் போட்டோவுக்கு ஒருவர், வீடியோ ஒருவர் அல்லது இருவர், ட்ரோன், பிறகு எடிட்டர், ஆல்பம் டிசைனர், லேப். பேசிய தொகையில் பாதிக்கு மேல் இவர்களுக்குப் போய்விடும். மீதி உங்களுடையதுதான், ஆனால் அந்த பேலன்ஸ் ஆல்பம் கொடுத்த பிறகுதான் வரும், ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துத் தருவதற்கே பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் ஆறு மாதம் ஆகும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் இல்லை, ஸ்டுடியோ வாடகை மட்டும் இருக்கும். லோன் போட்டு கேமரா வாங்கிய பையன் தவணை கட்டுவதற்காகவே அடிமட்ட ரேட்டுக்கு ஒத்துக்கொள்வான். அவனோடு நாம் போட்டி போடவும் கூடாது, அவன் பிழைப்பு அது.

ஆனால் அந்தப் பையன்களோடு சேர்ந்து வேலை செய்யலாம், அது வேறு விஷயம். கேண்டிட் எடுப்பவர்கள் பெண் மாப்பிள்ளையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. வந்திருக்கும் பாட்டி தாத்தா, மூத்த அத்தை, தூரத்திலிருந்து வந்த மாமா இவர்களெல்லாம் ஆல்பத்தில் முதுகாகத்தான் இருப்பார்கள். ரிசப்ஷன் அன்று மூன்று மணி நேரம் வந்து பெரியவர்களை மட்டும் எடுத்துத் தருகிறேன் என்று உங்கள் ஊர் போட்டோகிராபர் இரண்டு பேரிடம் பேசுங்கள், நாள் கூலி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் நான் இப்படித்தான் கல்யாணத்துக்குப் போகிறேன், பதினொன்றுக்கு வீட்டில் இருப்பேன்.

பறவைப் படங்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பணம் வராது. வருடத்தில் இரண்டு பிரிண்ட் யாராவது மருத்துவமனை வரவேற்பறைக்கு வாங்கலாம், அவ்வளவுதான். அதை உங்கள் சந்தோஷமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோனும் அப்படியே விட்டுவிடுங்கள். 2021-ன் ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் எடையுள்ளதைத் தொழிலுக்குப் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டும். தேவைப்பட்டால் சான்றிதழ் உள்ளவரை ஒரு மணி நேரத்துக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

சரி, அப்படியானால் எதைச் செய்வது?

எனக்கு இது எப்படிப் பிடிபட்டது என்று சொல்கிறேன். ஓய்வு பெற்ற இரண்டாவது மாதம், இரவு பதினொரு மணிக்கு ஒரு போன். தெருவில் தெரிந்த பையன். அவன் அப்பா மாலையில் இறந்துவிட்டார். மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும், காலைக்குள் பிரேம் போட வேண்டும். அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பியது மூன்று. ஒன்று ஆதார் அட்டையின் போட்டோ, இன்னொன்று ஒரு காதுகுத்தில் எடுத்த குரூப் படத்தில் மூன்றாவது வரிசையில் பாதி முகம், மூன்றாவது பதினைந்து வருடத்துக்கு முந்தைய பாஸ்போர்ட் சைஸ். காதுகுத்துப் படத்திலிருந்து முகத்தை வெட்டி, பக்கத்தில் நின்றவரின் தோளை அழித்து, நீல பேக்கிரவுண்ட் வைத்து விடியற்காலை நாலு மணிக்குக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. நாற்பது வருடம் அந்த வீட்டுக்காக உழைத்தவர், கடைசியில் சுவரில் தொங்குவது தபால்தலை அளவு முகத்தைப் பெரிதாக்கிய ஒரு மங்கல். அந்த வீட்டில் நான்கு ஸ்மார்ட்போன் இருந்தது.

எந்த ஊர் போட்டோகிராபரைக் கேட்டாலும் இப்படிப்பட்ட போன் மாதத்துக்கு ஒன்றாவது வருகிறது என்பார்கள். நம் வீடுகளில் குழந்தையைத் தினம் பத்துப் படம் எடுக்கிறோம், அப்பா அம்மாவை எடுப்பதில்லை. அவர்களும் "எனக்கெதுக்குடா இப்ப போட்டோ" என்று நகர்ந்துவிடுகிறார்கள். இந்த இடத்தில்தான் 60 வயதுக்காரருக்கு வேலை இருக்கிறது. இருபத்தைந்து வயதுப் பையன் கேமராவோடு வந்து நின்றால் எண்பது வயதுப் பாட்டி கூசிப்போவார். நீங்கள் போய் உட்கார்ந்து, "அம்மா, உங்களுக்கு எந்த ஊர் பொறந்த வீடு?" என்று கேட்டால் பேச ஆரம்பித்துவிடுவார். அஞ்சல் துறையில் இருந்தவர் என்றால் இன்னும் சுலபம், மணியார்டர் காலத்துக் கதை ஒன்றை எடுத்துவிட்டால் போதும்.

செய்கிற விதம் இதுதான். அவர்கள் வீட்டுக்கே போக வேண்டும். காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை, வெயில் நேராக உள்ளே விழாத ஜன்னல் அல்லது திண்ணை. ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி அவர்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியையே போடுங்கள், புது நாற்காலி வேண்டாம். வெளிச்சம் ஒரு பக்கமாக விழும், மறுபக்கம் இருட்டினால் ஒரு வெள்ளை வேட்டியை நாலாக மடித்து யாரையாவது பிடிக்கச் சொன்னால் சரியாகிவிடும். ஃப்ளாஷ் வேண்டாம். கண்ணாடி போட்டவர் என்றால் கழற்றச் சொல்லாதீர்கள், கண்ணாடி இல்லாத முகம் அவர் முகமே இல்லை. காதுக்குப் பின்னால் இருக்கும் கொக்கியைக் கால் அங்குலம் மேலே தூக்கி வைத்தால் கண்ணாடிச் சில்லு கீழே சாயும், ஜன்னல் பிரதிபலிப்பு போய்விடும். முதல் இருபது நிமிடம் எடுக்கிற படம் எதுவும் தேறாது, பேசிக்கொண்டே சும்மா எடுங்கள். அவர் முதல் வேலையைப் பற்றியோ இறந்துபோன தம்பியைப் பற்றியோ சொல்லி முடித்து ஒரு நிமிடம் அமைதியாவார் பாருங்கள், அப்போது எடுப்பதுதான் படம்.

இதை விற்கும்போது எதற்கு என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடாதீர்கள். "அப்பா அம்மா படம்" என்றே பேசுங்கள். வெளியூரிலிருந்து பிள்ளைகள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும் நாட்களில் தனித்தனிப் படமும், தம்பதியாக ஒன்றும், பேரன் பேத்தியோடு ஒன்றும் என்று பேசினால் மறுப்பவர் குறைவு. பென்டிரைவில் கொடுத்து முடித்துக்கொள்ளாதீர்கள், அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. 12-க்கு 18 அங்குலப் பிரிண்ட் ஒன்று பிரேம் போட்டு, சின்னப் பிரிண்ட் நாலு உறையில் போட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டுக்காரர் கேட்பார். எனக்கு வந்த வேலையில் முக்கால்வாசி இப்படி வந்ததுதான், விளம்பரத்துக்கு நான் காசு செலவழித்ததே இல்லை.

இதோடு ஒட்டியது மணிவிழாவும் சதாபிஷேகமும். எனக்குத் திருக்கடையூர் பக்கத்தில் இருப்பது அதிர்ஷ்டம்தான், அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதுக்கும் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் அங்கே வருகிறார்கள். ஆனால் எந்த ஊரிலும் இது வீட்டோடும் சின்ன மண்டபத்தோடும் நடக்கிற விசேஷம். இதில் ஒரு நல்ல விஷயம், நாள் குறிப்பது பிறந்த மாதத்தையும் நட்சத்திரத்தையும் வைத்து என்பதால், ஆடியோ மார்கழியோ வேலை நிற்காது. கூட்டம் ஐம்பதோ நூறோதான். அரை நாளில் முடிந்துவிடும். முக்கியமாக, எல்லோரும் அந்த இரண்டு பேருக்காக வந்திருக்கிறார்கள், அதனால் தள்ளுமுள்ளு இல்லை.

ஒரு சதாபிஷேகத்தில் எடுத்த படம் இன்னும் என் மேஜைக்கு மேலே இருக்கிறது. கலச நீரைச் சல்லடை வழியாகப் பிள்ளைகளும் பேரன்களும் வரிசையாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மார்கழிக் காலை, பெரியவருக்கு நடுக்கம். எல்லோரும் தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டிருக்க, பேத்தி ஒருத்தி, பத்து வயது இருக்கும், தாத்தாவின் நனைந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துத் தன் பாவாடை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தாள். நிற்கவைத்து எடுத்த படங்கள் அறுபது கொடுத்தேன், அவர்கள் பெரிதாக்கி மாட்டியது அந்த ஒன்றைத்தான். ஒன்று சொல்ல விட்டுவிட்டேன், நீர் தெறிக்கும் என்பதால் லென்ஸுக்கு ஒரு சாதா பில்டரும் கழுத்தில் ஒரு துண்டும் அவசியம். கோயிலுக்குள் என்றால் முன்கூட்டியே கோயில் அலுவலகத்தில் கேட்டு, கட்டணம் இருந்தால் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனுக்கே தடை போடச் சொன்னது, கேமரா விஷயத்தில் ஒவ்வொரு கோயிலுக்கும் ஒவ்வொரு நடைமுறை. குடும்பத்தார் கேட்டுவிட்டோம் என்று சொல்வதை நம்பிப் போய் வாசலில் நிற்காதீர்கள்.

மூன்றாவது வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது, பழைய ஆல்பங்கள். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் எடுத்த கலர் பிரிண்டுகள் எல்லாம் சிவப்பேறிப் போய்க்கொண்டிருக்கின்றன. அந்தத் தாளில் நீலப்பச்சைச் சாயம்தான் இருட்டில் வைத்திருந்தாலும் முதலில் போகும், மிஞ்சுவது சிவப்பு. அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படங்கள் அவற்றைவிட நன்றாக இருக்கின்றன. கல்யாண வீடியோ கேசட்டுகள் இன்னும் மோசம். அவற்றை ஓட்டும் கருவியான விசிஆரை உலகத்தில் கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது, இனி பழைய பெட்டியைப் பழுது பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். ஒரு நல்ல விசிஆர் கிடைத்தால் வாங்கி வையுங்கள்.

ஸ்கேன் செய்வதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். 4-க்கு 6 பிரிண்டை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்று எடுத்தால் 2400-க்கு 3600 பிக்சல் கிடைக்கும், அதை 8-க்கு 12 ஆகத் தாராளமாகப் போடலாம். பழைய சின்னச் சதுரப் பிரிண்டு என்றால் 1200 வையுங்கள். எதையும் தொடுவதற்கு முன் பின்பக்கத்தையும் ஒரு ஸ்கேன் எடுங்கள். அங்கேதான் ஸ்டுடியோ முத்திரையும், தேதியும், யாரோ பென்சிலில் எழுதிய பெயரும் இருக்கும். ஆல்பத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வீட்டில் மூத்தவரை உட்கார வைத்து ஒவ்வொரு முகமும் யார் என்று கேட்டுப் பெயரோடு எழுதிக் கொடுங்கள். இந்தப் பெயர் எழுதுகிற வேலைக்கு நான் தனியாகக் காசு வாங்குகிறேன், சந்தோஷமாகத் தருகிறார்கள், ஏனென்றால் அந்தப் பாட்டிக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். இந்த ஸ்டுடியோப் படங்களை நாம் குப்பை என்று பரணில் போடுகிறோம், புதுச்சேரியை மையமாக வைத்து ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். அவ்வளவு மதிப்பு அவற்றுக்கு.

ஒரே ஒரு எச்சரிக்கை. பிரேமுக்குள் இருந்த படம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் அதை உரிக்கவே உரிக்காதீர்கள். ஆரம்பத்தில் ஒரு வீட்டிலிருந்து, அந்த அம்மாவின் கல்யாணப் படம், ஒரே பிரதி, வந்தது. நெகட்டிவ் எல்லாம் போன தலைமுறையோடு போயிற்று. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன், வந்தது, இன்னும் கொஞ்சம் இழுத்தேன், மாப்பிள்ளையின் இடது கன்னம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எட்டு வருடம் ஆகிறது, இன்றைக்கும் அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போது எனக்கு மனசு கனக்கும். செய்ய வேண்டியது இதுதான். கண்ணாடியோடு சேர்த்தே வைத்து, மேல் பக்கத்தை நன்றாகத் துடைத்து, இரண்டு பக்கமும் 45 டிகிரி சாய்வில் ஒரே மாதிரி இரண்டு விளக்கு வைத்து, கேமராவை நேர் மேலே டிரைபாடில் மாட்டி, கேமராவுக்கும் படத்துக்கும் நடுவே பிடித்த ஒரு கறுப்புத் துணியில் ஓட்டை போட்டு லென்ஸை மட்டும் வெளியே விட்டு எடுங்கள். கண்ணாடியில் ஒரு பிரதிபலிப்பும் விழாது. படமும் பிழைக்கும்.

கருவி விஷயத்தில் இப்போது இருக்கும் கேமராவே போதும். பறவைக்கு வைத்திருக்கும் பெரிய லென்ஸ் இந்த வேலைக்கு உதவாது, 50 எம்எம் எஃப் 1.8 ஒன்று, நல்ல ஸ்கேனர் ஒன்று, ஹார்டு டிஸ்க் இரண்டு. வாடிக்கையாளர் படம் எப்போதும் இரண்டு டிஸ்கில் இருக்க வேண்டும், ஒன்று உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது, மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ வையுங்கள்.

கருவியைவிடக் கண்ணைக் கவனியுங்கள். வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும், உங்கள் பார்வைக்கு ஏற்ப அதைத் திருப்பி உள்ளே தெரியும் எழுத்துக்கள் தெளிவாகும்படி வைத்துக்கொள்ள வேண்டும். போகஸ் சரியில்லை என்று லென்ஸை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், சக்கரம் மட்டும் தவறாக இருந்திருக்கும். கண்புரை ஆரம்பித்திருந்தால் நிறங்கள் மஞ்சளடித்துத் தெரியும், அது நமக்கே தெரியாது. எனக்கு வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து வந்து முந்தைய வருடத்துப் படங்களைத் திறந்தபோது பலதிலும் தோல் நிறம் நீலம் கலந்து இருந்தது, அதுவரை அது சரி என்றே நினைத்திருந்தேன். அதனால் ஒவ்வொரு இடத்திலும் முதல் படம் கிரே கார்டு, அதாவது நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் நிற அட்டை வைத்து எடுங்கள். வருடம் ஒரு தடவை கண் பரிசோதனையும் உண்டு.

இப்போது காகித வேலை, இதில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நீங்கள் மத்திய அரசு ஊழியர், 1964-ம் வருட நடத்தை விதிகளில் 15-வது விதி, முன் அனுமதி இல்லாமல் வியாபாரம் எதிலும் ஈடுபடக் கூடாது என்கிறது. எப்போதாவது செய்யும் கலை, இலக்கிய வேலைக்கு விலக்கு உண்டு என்றாலும், ரேட் கார்டு அடித்து மாதாமாதம் காசு வாங்கினால் அது "எப்போதாவது" ஆகாது. மனைவி பெயரில் செய்கிறேன் என்றால் அதையும் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே ஓய்வு வரை இலவசமாக, பிரிண்ட் செலவைக்கூட நீங்களே போட்டுச் செய்யுங்கள். அல்லது எழுத்தில் அனுமதி கேளுங்கள். மூன்று வருடத்துக்காக பென்ஷனைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

ஓய்வு பெற்றதும் ஆதாரை வைத்து உத்யம், அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு செய்துகொள்ளுங்கள், ஆன்லைனில் இலவசம், காசு கேட்கிற இணையதளம் எதுவும் அரசுடையது இல்லை. தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு ஒன்று. ஜிஎஸ்டி பற்றிப் பயப்பட வேண்டாம், சேவைத் தொழிலுக்கு வருடம் 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு, அந்த அளவுக்கு நாம் போகப்போவதில்லை. வருமான வரியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பென்ஷன் மட்டும் என்றால் ஐடிஆர்-1 என்ற படிவம் போதும், தொழில் வருமானம் சேர்ந்ததும் அது செல்லாது. சின்னத் தொழில்களுக்கு அனுமான முறை என்று ஒன்று இருக்கிறது, வங்கி வழியாக வந்த வரவில் 6 சதவீதமும் ரொக்கமாக வந்ததில் 8 சதவீதமும் லாபம் என்று காட்டினால் கணக்குப் புத்தகம் கேட்க மாட்டார்கள், அதற்கு ஐடிஆர்-4. உண்மையான லாபம் அதைவிடக் கூடுதல் என்றால் கூடுதலையே காட்டுங்கள். பிறகு, 60 வயது தாண்டியவர்களுக்கு அட்வான்ஸ் டாக்ஸ், அதாவது வருடம் முடியும் முன்பே கட்டும் வரி, இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சலுகை தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு மட்டும். கேமராவில் சம்பாதிக்க ஆரம்பித்ததும் அது போய்விடும். ஏற்கெனவே பிடித்த வரியான டிடிஎஸ் கழித்து வரி 10,000 ரூபாயைத் தொட்டால், அனுமான முறையில் இருப்பவர் மார்ச் 15-க்குள் கட்டிவிட வேண்டும், இல்லையென்றால் வட்டி. எனக்கே இரண்டாம் வருடம் இந்த வட்டி விழுந்தது, வங்கியில் இருந்தும் தெரிந்துவைத்திருக்கவில்லை.

இன்னொரு சட்டம் போட்டோகிராபர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-வது பிரிவின்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். எடுத்தது நான், நான் இன்ஸ்டாகிராமில் போடுவேன் என்று சொல்ல முடியாது. அரைப் பக்கத்தில் ஒரு தாள் அடித்து வைத்துக்கொள்ளுங்கள், என்ன எடுக்கிறேன், எத்தனை பிரிண்ட், எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, படத்தை மாதிரிக்குக் காட்டலாமா கூடாதா என்று. பெரியவர்களின் படத்தைப் பொதுவில் போட வேண்டாம் என்று யாராவது சொன்னால் மறு பேச்சே வேண்டாம்.

விலை வைப்பதில் நாமெல்லாம் கூச்சப்படுகிறோம். ஒரு வீட்டில் இரண்டு மணி நேரம் எடுத்தால், போக வர ஒரு மணி, தேர்ந்தெடுக்க ஒரு மணி, திருத்த மூன்று மணி, லேபுக்கு ஒரு நடை, திருப்பிக் கொடுக்க ஒரு நடை, ஆக முழு நாள். நான் பிரேமோடு சேர்த்து 4,500 வாங்குகிறேன், அதில் பிரிண்ட், பிரேம், பெட்ரோல் 1,600 போகும். முதல் வருடம் கல்யாணம் உட்பட வரவு 92,000, லென்ஸும் லைட்டும் வாங்கியதில் கையில் நின்றது 11,000. நாலாவது வருடத்திலிருந்து, கல்யாணத்தை விட்ட பிறகு, மாதம் சராசரி பதினைந்தாயிரம் நிற்கிறது. ஸ்டுடியோ வைத்திருந்தால் அதுவே வாடகைக்குப் போயிருக்கும். உறவுக்காரர்கள் சும்மா எடுத்துத் தரச் சொல்வார்கள், கேட்கத்தான் செய்வார்கள். வருடத்துக்கு நான்கு குடும்பத்துக்கு இலவசம் என்று வைத்திருக்கிறேன், ஐந்தாவது ஆள் வந்தால் "மாமா, தை பொறந்ததும் உங்க வீடுதான் முதல்ல" என்று சொல்லிவிடுவேன், கோபித்துக்கொண்டவர் யாருமில்லை. வசதி இல்லாத வீட்டில் முதியவர் இருக்கிறார் என்றால் அது அந்தக் கணக்கில் சேராது, போய் எடுத்துக் கொடுங்கள்.

அந்த மூன்று வருடத்தில் என்ன செய்வது என்று கேட்டால், மாதம் ஒரு வீடு. உங்கள் ஆபீஸில் ஓய்வு பெற்றவர்கள், தெருவில் இருக்கும் பெரியவர்கள். 36 வீடு ஆகும்போது 60 பிறந்துவிடும், அந்த 36 சுவர்களிலும் உங்கள் படம் தொங்கும், உங்கள் மனைவியும் அதற்குள் மனம் மாறியிருப்பார். ஆல்பம் வேலையை உங்கள் வீட்டுப் பரணிலிருந்தே தொடங்கலாம்.

முதல் வீடு யாருடையது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அம்மாவுக்கு 82. இந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜன்னல் பக்கம் அவர் நாற்காலியை நகர்த்திப் போடுங்கள், டீ போட்டுக் கொடுத்துவிட்டு அவர் பிறந்த வீட்டைப் பற்றிக் கேளுங்கள். முதல் இருபது நிமிடப் படங்கள் தேறாது, அதனால் நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.